துணை பிரியாத வரிசைகள்

எக்செல் விரிதாளில் பெயர், ஆண்டு, தெரு என்று மூன்று நெடுவரிசைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவற்றில் ஆண்டு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால் மென்பொருள் உடனே அடுக்கிவிடுவதில்லை. பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்து நகர்த்தவா, இதை மட்டும் நகர்த்தவா என்று முதலில் கேட்கும். அவசரத்தில் இரண்டாவது விடையைத் தேர்ந்தெடுப்பவரின் அட்டவணை அந்த நொடியே பொய்யாகிவிடும். திரையில் மட்டும் எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

நிரல் எழுதுவோருக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை. நிரல்மொழிகளில், ஒரே வகைத் தரவுகளை இட எண் கொடுத்து அடுக்கி வைக்கும் அமைப்புக்கு அணி என்று பெயர். ஒரு பொருளைப் பற்றிய விவரங்கள் பல அணிகளில் பிரிந்து கிடந்து, ஒரே இட எண்ணால் மட்டும் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருந்தால் அவை இணை அணிகள்.

மலேசியாவின் பினாங்குத் தலைநகர் ஜார்ஜ் டவுனின் ஐந்து கட்டடங்களை இப்படிப் பதியலாம். பெயர் அணியில் வரிசையாக ஈ அண்ட் ஓ ஹோட்டல், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், மகாமாரியம்மன் கோயில், புனித ஜார்ஜ் தேவாலயம், சிட்டி ஹால். ஆண்டு அணியில் அதே வரிசையில் 1885, 1801, 1833, 1818, 1903. தெரு அணியில் ஃபார்குவார் தெரு, மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை, குயீன் தெரு, மீண்டும் ஃபார்குவார் தெரு, பாடாங் கோத்தா லாமா சாலை. பள்ளிவாசலுக்கு 1801 என்ற செய்தி இந்த அணிகளில் எங்கும் எழுதப்படவில்லை. பெயர் அணியில் இரண்டாம் இடத்தில் பள்ளிவாசலும் ஆண்டு அணியில் இரண்டாம் இடத்தில் 1801உம் இருப்பதால்தான் அந்தத் தொடர்பு உண்டாகிறது. இடம் மாறினால் தொடர்பும் போய்விடும்.

ஆண்டு அணியை மட்டும் அடுக்கினால் 1801, 1818, 1833, 1885, 1903 என்று வரும். பெயர்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். இப்போது ஹோட்டலுக்கு 1801, பள்ளிவாசலுக்கு 1818, தேவாலயத்துக்கு 1885 என்று அட்டவணை சொல்லும். கோயிலின் 1833உம் சிட்டி ஹாலின் 1903உம் தற்செயலாகச் சரியாகவே இருக்கும். ஐந்தில் இரண்டு சரியாக நிற்பதுதான் பெரிய ஆபத்து. சரிபார்க்க வருபவர் முதலில் மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டால் திருப்தியோடு போய்விடுவார். கூட்டுத்தொகை, சராசரி, மிகப் பழைய ஆண்டு, மிகப் புதிய ஆண்டு என்று எதைக் கணக்கிட்டாலும் முன்பிருந்த விடையே வரும். ஒவ்வோர் அணியும் தனித்தனியே பழுதில்லாமல் இருக்கிறது. அவற்றுக்கு இடையேயுள்ள உறவுதான் பழுதாகியிருக்கிறது. அதனால் ஓர் அணியை மட்டும் எவ்வளவு ஆராய்ந்தாலும் பிழை பிடிபடாது.

இத்தகைய பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மருத்துவத் துறையில் ஒரு வழக்கு இருக்கிறது. எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து பலன் தரும் என்பதை மரபணுக்களின் செயல்பாட்டு அளவைக் கொண்டு கணிக்கலாம் என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழுவொன்று 2006இல் நேச்சர் மெடிசின் இதழில் எழுதியது. ஹியூஸ்டனில் உள்ள எம். டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பாகர்லியும் கெவின் கூம்ஸும் அதே தரவை எடுத்து அதே கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். வந்த மரபணுப் பட்டியல் கட்டுரையின் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் பட்டியலை ஒரே ஒரு வரி தள்ளி வைத்தபோது பொருந்தியது. மரபணுப் பெயர்கள் இருந்த வரிசையும் அளவுகள் இருந்த வரிசையும் ஓரிடம் பிசகிப்போயிருந்தன. ஒவ்வோர் அளவின் பக்கத்திலும் அண்டை வரியின் பெயர் நின்றது. அந்த ஆய்வில் இருந்த பிழை இது ஒன்றுமட்டுமல்ல. இருவரும் தங்கள் மறுகணக்கை 2009இல் விரிவாக வெளியிட்டார்கள். அந்த முறையை நம்பி நோயாளிகளிடம் தொடங்கியிருந்த மருத்துவச் சோதனைகள் 2010இல் கைவிடப்பட்டன. 2011இல் மூலக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த இருவரும் எண்களைப் பார்த்து ஐயுற்றதோடு நிற்கவில்லை. எத்தனை வரி தள்ளினால் பொருந்துகிறது என்று சோதித்ததால்தான் பிழை இன்னது என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தது. இணை அணிகள் கெட்டுப்போனதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க, உறவை மறுபடி கட்டிப் பார்ப்பதைவிட நம்பகமான வழி இல்லை.

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது, ஒரு கட்டடத்தின் விவரங்களையெல்லாம் ஒரே பதிவாகக் கட்டி வைக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஹெர்மன் ஹாலரித்தின் துளையட்டைகள் அப்படித்தான் இருந்தன. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஆளின் எல்லா விவரங்களும் ஓர் அட்டையில் துளைகளாக இருந்தன. அட்டைகளை எப்படி அடுக்கினாலும் வயதும் தொழிலும் ஆளை விட்டுப் பிரியவில்லை. பிரிவு பின்னால்தான் வந்தது. 1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் எண் அணிகள் இருந்தன. பல வகை விவரங்களைச் சேர்த்துக் கட்டும் பதிவு என்ற அமைப்பு ஃபோர்ட்ரான் 90 வரும்வரை தரநிலையில் இடம்பெறவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, விண்மீன்களின் அட்டவணையானாலும் பாலத்தின் தாங்குதிறனானாலும் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் இணை அணிகளிலேயே எழுதினார்கள். 1986இல் வெளிவந்த நியூமெரிக்கல் ரெசிபீஸ் என்ற புகழ்பெற்ற நூலில், ஓர் அணியை அடுக்கும்போது இன்னோர் அணியையும் கூடவே நகர்த்தும் துணைநிரலுக்குத் தனி இடம் உண்டு.

பதிவுகள் வந்த பிறகும் இணை அணிகள் ஒழியவில்லை. அதற்குக் காரணம் கணினியின் உடலமைப்பிலேயே இருக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் இன்றைய கணினிச் செயலிகள் நினைவகத்திலிருந்து ஓர் எண்ணைத் தனியாக எடுப்பதில்லை. 64 பைட் கொண்ட ஒரு துண்டாகவே அள்ளிக்கொண்டு வரும். ஓர் ஆண்டைச் சேமிக்க 4 பைட் போதும். ஆண்டுகள் தனி அணியாக அடுத்தடுத்து இருந்தால் ஒரே அள்ளலில் 16 ஆண்டுகள் வந்துவிடும். பெயர், தெரு, வரலாறு எல்லாம் சேர்த்து 64 பைட் பதிவாகக் கட்டியிருந்தால் ஓர் அள்ளலுக்கு ஓர் ஆண்டுதான் வரும். மற்ற 60 பைட்டும் தேவையில்லாத சுமை. கோடிக்கணக்கான வரிகளில் ஒரே ஒரு விவரத்தை ஆராயும் தரவுத்தளங்கள் நெடுவரிசை நெடுவரிசையாகச் சேமிப்பதன் காரணம் இதுவே. ஆகவே இணை அணிகள் பழங்கால மிச்சம் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. அவற்றைச் சரியாக அடுக்கக் கற்றுக்கொள்வதுதான் தேவை.

அடுக்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கூடவே நகர்த்துவது. ஆண்டு அணியில் இரண்டு எண்கள் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் பெயர் அணியிலும் தெரு அணியிலும் அதே இரண்டு இடங்களை மாற்றவேண்டும். அணி இரண்டானால் பரவாயில்லை. இருபதானால் ஒவ்வொரு மாற்றமும் இருபது மாற்றமாகும். அதோடு, மொழியோடு வரும் அடுக்கும் செயற்கூறு தான் எப்போது எதை மாற்றுகிறது என்று வெளியே சொல்வதில்லை. அதனால் இந்த வழிக்குப் போகிறவர் அடுக்கும் நிரலையே சொந்தமாக எழுதவேண்டியிருக்கும்.

இரண்டாவது, தற்காலிகமாகக் கட்டி அடுக்கிவிட்டு அவிழ்ப்பது. பைத்தான் மொழியில் சிப் என்ற செயற்கூறு அணிகளை வரி வரியாகக் கோத்துத் தரும். கோத்ததை அடுக்கி மறுபடி பிரித்துக்கொள்ளலாம். சிறிய தரவுக்கு இதுவே எளிது. பெரிய தரவில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் தேவைப்படும் என்பதுதான் குறை.

மூன்றாவது வழியே மற்ற இரண்டையும்விட ஆழமானது. அதில் முதலில் எந்த அணியையும் தொடுவதில்லை. ஜார்ஜ் டவுனின் வெல்ட் கீ கரையோரக் கிடங்கு ஒன்றில் அரிசி மூட்டைகள் நிறைந்து கிடக்கும்போது எடைவாரியாகப் பட்டியல் கேட்டால், கணக்கப்பிள்ளை மூட்டைகளைத் தூக்கி மாற்றச் சொல்லமாட்டார். மூட்டை கிடக்கும் இடத்தின் எண்களை எடை வரிசைப்படி ஒரு சீட்டில் எழுதித் தருவார். கணினியிலும் 1, 2, 3, 4, 5 என்று இட எண்களைக் கொண்ட புதிய அணி ஒன்றை உண்டாக்கி அதைத்தான் அடுக்கவேண்டும். இரண்டு இட எண்களில் எது முந்தியது என்று பார்க்க, அந்த எண்களை ஒப்பிடாமல் அந்த இடங்களில் இருக்கும் ஆண்டுகளை ஒப்பிடவேண்டும். ஜார்ஜ் டவுன் எடுத்துக்காட்டில் கிடைக்கும் விடை 2, 4, 3, 1, 5. இரண்டாம் இடத்துப் பள்ளிவாசல் முதலில், நான்காம் இடத்துத் தேவாலயம் அடுத்து, பிறகு கோயில், ஹோட்டல், சிட்டி ஹால் என்பது இதன் பொருள். இதை இடமாற்ற அணி எனலாம்.

இந்த ஐந்து எண்களும் கைக்கு வந்த பிறகு மற்ற வேலை சுலபம். பெயர் அணியானாலும் தெரு அணியானாலும், பின்னால் யாராவது சேர்க்கும் புகைப்பட அணியானாலும், அதே 2, 4, 3, 1, 5 வரிசையில் எடுத்து வைத்தால் போதும். ஒப்பிடும் வேலை ஒருமுறைதான். மூல அணிகள் அப்படியே இருப்பதால் ஆண்டுவாரியாக ஓர் இடமாற்ற அணி, பெயர்வாரியாக இன்னொன்று என்று ஒரே தரவுக்குப் பல வரிசைகளை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளவும் முடியும். வரிசை என்பதே இங்கு சேமித்து வைக்கக்கூடிய, இன்னோர் அணிக்குக் கொடுக்கக்கூடிய ஒரு தரவாகிவிடுகிறது.

இந்தக் கருத்தை நிரல்மொழிக்குள் ஒரே ஒரு குறியாகக் கொண்டுவந்தவர் கென்னத் ஐவர்சன். அவர் 1962இல் நூலாக வெளியிட்ட குறியீட்டு முறையிலிருந்து வளர்ந்த ஏபிஎல் மொழியில், ஓர் அணியைத் தந்தால் அடுக்கிய அணியைத் தராமல் அடுக்குவதற்கான இடமாற்ற அணியைத் தரும் செயல் இருக்கிறது. 1979இல் அவர் டூரிங் பரிசு பெற்றார். பைத்தானின் நம்பை நூலகத்தில் ஆர்க்சார்ட், ஆர் மொழியில் ஆர்டர் என்று இன்று வழங்குபவை செய்வதும் அதே வேலைதான். பெரும்பாலான மொழிகள் இடங்களை 0இலிருந்து எண்ணுகின்றன. அங்கே விடை 1, 3, 2, 0, 4 என்று வரும். ஆர் மொழி 1இலிருந்தே எண்ணுகிறது. ஒரு மொழியில் எடுத்த இடமாற்ற அணியை இன்னொரு மொழியில் பயன்படுத்தும்போது ஓரிடம் பிசகுவதற்கு இந்த வேறுபாடே போதும்.

இன்னொரு வழுக்கல் இதைவிட நுட்பமானது. 2, 4, 3, 1, 5 என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம். புதிய முதல் இடத்துக்குப் பழைய 2ஐக் கொண்டு வா என்பது ஒன்று. பழைய முதல் பொருளைப் புதிய 2ஆம் இடத்துக்கு அனுப்பு என்பது மற்றது. முதலாவதே சரி. இரண்டாவது விதமாகப் படிப்பவருக்கு வேண்டிய எண்கள் 4, 1, 3, 2, 5. ஹோட்டல் நான்காம் இடம், பள்ளிவாசல் முதலிடம் என்று ஒவ்வொன்றின் தரத்தையும் சொல்லும் பட்டியல் அது. இரண்டிலும் 3உம் 5உம் மாறாமல் நிற்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. ஒன்றிலிருந்து மற்றதைப் பெற அழகான வழி ஒன்று உண்டு. இடமாற்ற அணிக்கே இடமாற்ற அணி கண்டால் தரப்பட்டியல் வந்துவிடும்.

நகல் எடுக்க நினைவகம் போதாதபோது இடமாற்ற அணியின் உள்ளமைப்பே உதவும். முதல் இடத்துக்கு 2 வரவேண்டும், 2ஆம் இடத்துக்கு 4, 4ஆம் இடத்துக்கு 1. சங்கிலி தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டது. 3உம் 5உம் அசையத் தேவையில்லை. ஆகவே ஹோட்டலை மட்டும் ஒரு தற்காலிக இடத்தில் வைத்துவிட்டு, பள்ளிவாசலை முதல் இடத்துக்கும் தேவாலயத்தை இரண்டாம் இடத்துக்கும் நகர்த்தி, காலியான நான்காம் இடத்தில் ஹோட்டலை வைத்தால் முடிந்தது. எந்த இடமாற்ற அணியையும் இப்படிச் சுழற்சிகளாகப் பிரித்துவிடலாம். கோடி வரிகள் இருந்தாலும் ஒரே ஒரு தற்காலிக இடம் இருந்தால் தரவு முழுவதையும் நகர்த்திவிடலாம். எந்தெந்த இடங்கள் முடிந்தன என்பதைக் குறித்துக்கொள்ள மட்டும் வழி வேண்டும்.

சமநிலை வரும்போது யார் முந்துவது என்பது அடுத்த சிக்கல். கட்டடங்களைத் தெருவாரியாக அடுக்கினால் ஃபார்குவார் தெருவில் இரண்டு கட்டடங்கள் வரும். 1818இன் தேவாலயமும் 1885இன் ஹோட்டலும் எந்த வரிசையில் நிற்கவேண்டும்? சமமானவற்றை முன்பிருந்த வரிசையிலேயே விட்டுவைப்பது நிலைத்த வரிசையாக்கம். அத்தகைய முறை கையில் இருந்தால் முதலில் ஆண்டுவாரியாகவும் பிறகு தெருவாரியாகவும் அடுக்கினால் போதும். தெருவுக்குள் ஆண்டு வரிசை தானே நிலைக்கும். முக்கியம் குறைந்ததை முதலில் அடுக்கவேண்டும் என்பது முதல் பார்வைக்கு விந்தையாகத் தோன்றும். துளையட்டைகளைப் பிரிக்கும் இயந்திரங்களை இயக்கியவர்கள் இதைக் கைப்பழக்கமாகவே அறிந்திருந்தார்கள். எண்களை அடுக்கும்போது அவர்கள் வலக்கோடி இலக்கத்திலிருந்துதான் தொடங்கினார்கள்.

எல்லா முறைகளும் நிலைத்தவை அல்ல. டோனி ஹோர் 1961இல் வெளியிட்ட விரைவு வரிசையாக்கம் வழக்கமான வடிவில் சமமானவற்றைக் கலைத்துவிடும். 1945இல் ஜான் வான் நியூமன் வகுத்த இணைப்பு வரிசையாக்கம் கலைக்காது. 2002இல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதிய டிம்சார்ட்டும் கலைக்காது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நிலைத்தன்மை கட்டாயமானது 2019ஆம் ஆண்டுத் தரநிலையிலிருந்துதான். கையிலுள்ள முறை எப்படிப்பட்டது என்று தெரியாவிட்டால், இட எண்களை அடுக்கும்போது ஆண்டுகள் சமமாக இருந்தால் சிறிய இட எண்ணே முந்தியது என்று ஒரு விதியைச் சேர்த்துவிடலாம். அதன்பின் எந்த முறையானாலும் விடை நிலைத்ததாகவே வரும்.

பிஎச்பி மொழியில் இந்த வேலைக்கென்றே அரே மல்டிசார்ட் என்ற செயற்கூறு இருக்கிறது. தெரு, ஆண்டு, பெயர் என்று மூன்று அணிகளையும் அதனிடம் தந்தால் தெருவாரியாக அடுக்கும். தெரு சமமானால் ஆண்டைப் பார்க்கும். ஆண்டும் சமமானால் பெயரைப் பார்க்கும். மூன்று அணிகளும் சேர்ந்தே நகரும். ஓர் அணியின் நீளம் மற்றதோடு ஒத்துப்போகாவிட்டால் அடுக்க மறுத்துவிடும். அந்த மறுப்பு மிக நல்ல ஏற்பாடு. ஆனால் கூடவே நகர்ந்தால் போதும் என்று தரப்பட்ட அணிகூட இங்கே சமநிலையைத் தீர்க்கும் நடுவராகிவிடும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். மூல வரிசை காக்கப்படவேண்டிய இடத்தில் இட எண் அணியைப் பெயருக்கு முன்னால் நுழைப்பது பாதுகாப்பு.

தமிழில் பெயர்ப் பட்டியல் அடுக்குவோருக்கு இணை அணிகள் தவிர்க்க முடியாதவை. யூனிகோடு ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தந்திருக்கிறது. அந்த எண்களின் வரிசை தமிழ் நெடுங்கணக்கின் வரிசை அன்று. ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ என்று அங்கே அடுக்கியிருக்கிறார்கள். உயிரெழுத்துகளுக்குப் பின் வரவேண்டிய ஆய்தம் அகரத்துக்கே முன்னால் நிற்கிறது. புள்ளிக்குத் தந்த எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது. அதனால் அகராதியில் க-வுக்கு முன் வரும் க், எண் வரிசையில் கௌ-வுக்கும் பின்னால் போய்விடுகிறது. கமலா, கலா, கற்பகம், கனகா என்ற நான்கு பெயர்களை எண்படி அடுக்கினால் கனகா, கமலா, கற்பகம், கலா என்று வரும். கடைசியில் நிற்கவேண்டிய கனகா முதலில் நிற்பார்.

தீர்வு, பெயர் அணிக்குப் பக்கத்தில் சாவி அணி ஒன்றை உண்டாக்குவது. ஒவ்வொரு பெயரையும் எழுத்து எழுத்தாகப் பிரித்து, நெடுங்கணக்கில் அந்த எழுத்துக்கு உரிய தர எண்ணை எழுதினால் அந்தப் பெயரின் சாவி கிடைக்கும். யூனிகோடு கூட்டமைப்பின் சிஎல்டிஆர் தரவுத்தொகுப்பில் தமிழுக்கான வரிசை விதிகள் ஏற்கெனவே இருப்பதால் பெரும்பாலும் சாவியைச் சொந்தமாகக் கணிக்கவேண்டிய தேவையும் இல்லை. பிறகு சாவி அணியை அடுக்கி, அதன் இடமாற்ற அணியைப் பெயர்களுக்குக் கொடுக்கவேண்டும். பட்டியலில் இரண்டு கலாக்கள் இருந்தால் சாவிகள் சமமாகிவிடும். மலேசிய ஆவணங்களில் அனாக் பெரெம்புவான், அனாக் லெலாக்கி என்ற மலாய்ச் சொற்கள் மகள், மகன் என்று தமிழரின் பெயரைத் தந்தை பெயரோடு இணைப்பதால், தந்தை பெயருக்கும் ஒரு சாவி அணி உண்டாக்கி அதை இரண்டாம் நடுவராக வைக்கலாம்.

சாவியை முன்கூட்டியே கணித்து வைப்பதில் நேரமும் மிச்சமாகும். ஒரு லட்சம் பெயர்களை அடுக்க நல்ல முறைக்கு ஏறத்தாழ 17 லட்சம் ஒப்பீடுகள் தேவை. ஒவ்வோர் ஒப்பீட்டிலும் இரண்டு பெயர்களை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் 34 லட்சம் முறை பிரிக்கவேண்டும். சாவி அணி இருந்தால் ஒரு பெயருக்கு ஒரு முறை, மொத்தம் ஒரு லட்சம் முறை. அடுக்கி முடிந்து, பெயர், தந்தை பெயர், முகவரி அணிகள் எல்லாம் ஒரே இடமாற்ற அணியால் நகர்ந்தபின் சாவி அணிகளை நினைவகத்திலிருந்து நீக்கிவிடலாம். புதிய பெயர்கள் அடிக்கடி சேரும் பட்டியலானால் நீக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. அப்போது புதிதாக வரும் பெயருக்கு மட்டும் சாவி கணித்து, அது நுழையவேண்டிய இடத்தை 17 ஒப்பீடுகளுக்குள் கண்டுகொள்ளலாம். எல்லா அணிகளிலும் அதே இடத்தில்தான் அந்தப் பெயருக்கு உரிய விவரங்கள் நுழையவேண்டும்.